மேலே நடந்தது எலி இல்லை

முதல் ஒரு வாரம் நாங்கள் அதை எலி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். கூடத்துக்கு மேலே பழைய ஓட்டுக் கூரை, அதற்கு அடியில் நாங்கள் பிறகு போட்ட ஃபால்ஸ் சீலிங், இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடம். சத்தம் வந்தது அங்கிருந்துதான். எலிப்பொறி வைத்தேன், ஒன்றும் மாட்டவில்லை, உள்ளே வைத்ததைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சரி, மருந்து வைத்துவிடலாம் என்று கிளம்பிய அன்று அம்மாதான் நிறுத்தினாள். "எலின்னா குடுகுடுன்னு ஓடும்டா. இது நடக்குது. காலை எடுத்து வச்சு நடக்குது."

மறுநாள் இருட்டத் தொடங்கியதும் டிவியை அணைத்துவிட்டு நானும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டேன். அம்மா சொன்னது சரி. ஒரு அடி, கொஞ்சம் நிதானம், இன்னொரு அடி. பலகையைத் தாங்குகிற கம்பி ஒரு தரம் கிறீச்சென்று முனகியது. எலியின் எடைக்கு அந்தக் கம்பி முனகாது. அப்புறம் ஓட்டின் ஓரத்தில் எதுவோ உரசுகிற ஓசை, வெளியே மரக்கிளையில் ஒரு சலசலப்பு, அதோடு எல்லாம் அடங்கிவிட்டது. மணி ஏழே முக்கால்.

வீட்டுக்குள் ஏதோ விலங்கு வந்துவிட்டது என்றதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "எப்படி விரட்டுவது?" நானும் அதைத்தான் கேட்டேன். வந்திருப்பது யார், எதற்காக வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு முன்னால் விரட்டக் கிளம்பியதில் நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். அதை உள்ளபடி சொல்லத்தான் இதை எழுதுகிறேன், நீங்கள் அதைச் செய்துவிடக் கூடாது என்பதற்காக.

முதலில் கண்டுபிடித்த விதம். காசு செலவில்லாத கருவி காதும் ஒரு நோட்டும்தான். எந்த நேரத்தில் சத்தம், எந்த மூலையில், எப்படிப்பட்டது என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். எலி கூட்டமாக இருக்கும், ராத்திரி முழுக்க விட்டுவிட்டு ஓடும், கொறிக்கிற சத்தம் தனியாகத் தெரியும். பகலில் சத்தம் என்றால் அணில், குரங்கு, பறவை என்று யோசிக்க வேண்டும். அந்தி சாய்ந்ததும் கொஞ்ச நேரம் படபடப்பும் கீச்சொலியும் கேட்டுப் பிறகு அடங்கிவிட்டால் வௌவால். ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: பரணிலிருந்தோ கூரையிலிருந்தோ 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாகச் சீறுகிற சத்தம் வந்தால் உடனே பாம்பு என்று பதறிவிடுகிறோம், ஆனால் கூகை என்கிற ஆந்தையின் குஞ்சுகளும் அப்படித்தான் சீறும், அதுவும் தாய் இரை கொண்டுவரும் நேரத்தில் விடாமல் சீறும். கீழே எலும்பும் முடியும் உருண்டையாகக் கிடந்தால் கூகை வசிக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அது செரிக்காததை அப்படி உருட்டித் துப்பிவிடும்.

என் நோட்டில் ஏழு நாளும் ஒரே மாதிரிதான் வந்தது. மாலை ஏழரையிலிருந்து எட்டுக்குள் கிளம்பும் சத்தம், விடிகாலை நாலரை, ஐந்து வாக்கில் திரும்பும் சத்தம். நடுவிலும் இரண்டொரு தரம் வந்துபோனது. அந்த நடு வரவை நான் எழுதினேனே தவிர அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அடுத்தது எச்சம். இதைப் பார்க்க அருவருப்பாக இருக்கும்தான், ஆனால் இதைவிடத் தெளிவான சாட்சி வேறு கிடையாது. எலிப் புழுக்கை கறுப்பாக, இரண்டு முனையும் கூம்பி, ஒன்றிரண்டு செ.மீ. நீளத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும். பல்லியின் எச்சத்தில் நுனியில் வெள்ளை இருக்கும். பூச்சி தின்னும் வௌவாலுடையது எலிப் புழுக்கை மாதிரியே தெரியும், குச்சியால் அழுத்தினால் தூளாக உதிர்ந்துவிடும், உள்ளே பூச்சிச் சிறகின் மினுமினுப்பு தெரியும். பூனை பெரும்பாலும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகும். எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரின் மேலே, அதுவும் ஒரே இடத்தில், விரல் தடிமனில் கிடந்தது. குச்சியால் கிளறிப் பார்த்தேன். முக்கால்வாசி அத்தி விதை, கடுகைவிடச் சின்னதாக, ஒன்றுகூட உடையாமல். நடுவில் பெரிய விதைகள் சிலது, கழுவி வைத்த மாதிரி. பழத்தைத் தின்று விதையை முழுசாகக் கழித்து, அதையும் உயரமான திறந்த இடமாகப் பார்த்துக் கழிக்கிற விலங்கு எலியாக இருக்க முடியாது.

மூன்றாவதாகத் தடம். ஓட்டுக்கு ஏறுகிற கைப்பிடிச்சுவரில் டால்கம் பவுடரை மெல்லிய படலமாகத் தூவினேன். ரொம்பக் கனமாகத் தூவினால் தடம் சரிந்து பதியாது, விரலை லேசாக வைத்துப் பார்த்தால் ரேகை தெரிகிற அளவு போதும். காலையில் பூனைத் தடம் மாதிரி வட்டமாக இருந்தது, ஆனால் விரல்களை எண்ணினேன், ஐந்து. பூனைக்குப் பதிவது நான்கு விரல், நகம் பதியாது. நாய்க்கும் நான்குதான், நகத்தோடு பதியும். எலிக்கு முன்காலில் நான்கு, பின்காலில் ஐந்து, எல்லாம் பொடிப்பொடியாக. கீரிக்கும் ஐந்து விரல் உண்டு, ஆனால் கீரி பகல் ஆள், நீண்ட நகக்கோடும் சேர்ந்து விழும். அந்தப் பவுடர்த் தடத்தைப் போனில் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுங்கள், அளவு தெரியும். விவரம் தெரிந்தவரிடம் காட்டும்போது அதுதான் உதவும்.

கடைசியாகத்தான் கேமரா. இருட்டிலும் பதிவாகிற சின்ன வைஃபை கேமராவை மரக்கிளைக்கும் ஓட்டுக்கும் நடுவைப் பார்க்கிற மாதிரி கட்டினேன். மூன்றாம் நாள் பதிவில் முதலில் தெரிந்தது இரண்டு கண்கள் மட்டும். பிறகு முகம். மூஞ்சி கூர்மையாக, கண்ணைச் சுற்றி முகமூடி போட்டது போல் கறுப்பு, நெற்றியில் வெளிறிய பட்டை. சாம்பல் உடம்பில் முதுகு நெடுக மூன்று கருங்கோடு, நாலு காலும் கறுப்பு, வால் உடம்பளவு நீளம். கிளையின் நுனிக்கு வந்து, ஓட்டை ஒரு தரம் முகர்ந்து, சத்தமே இல்லாமல் காலை மாற்றி வைத்தது. அம்மா பார்த்ததும் சொல்லிவிட்டாள், "மரநாய்டா இது. சின்ன வயசுல எங்க வீட்டு மேலயும் வந்து போகும்."

பேர்தான் நாய். நாயும் இல்லை பூனையும் இல்லை, புனுகுப்பூனையின் சொந்தம். புனுகுப்பூனைக்கு வாலில் வளையம் வளையமாக இருக்கும், அது பெரும்பாலும் தரையிலேயே திரியும். மரநாயின் வாலில் வளையம் இருக்காது, அது மரம் ஏறும். வளர்ந்தது 2 முதல் 5 கிலோ வரை இருக்கும், தலையிலிருந்து உடம்பு மட்டும் சுமார் அரை மீட்டர், வாலும் கிட்டத்தட்ட அதே நீளம். 1777-ல் பல்லாஸ் என்ற விலங்கியலாளர் இதற்கு வைத்த அறிவியல் பெயரில் 'ஹெர்மாஃப்ரோடிட்டஸ்' என்று வரும், அதாவது இருபாலி. ஆண் பெண் இரண்டுக்கும் வாலுக்கு அடியில் இருக்கிற மணச்சுரப்பி விதைப்பை போலத் தெரிந்ததால் வந்த குழப்பம் அது, உண்மையில் ஆண் வேறு பெண் வேறுதான். முக்கியமான உணவு பழம். கூடவே எலி, பூச்சி, பல்லி, முட்டை. பகலில் மரப்பொந்தில் சுருண்டு தூங்கும். பொந்துள்ள பெரிய மரத்தையெல்லாம் நாம் வெட்டிவிட்ட பிறகு, அதன் கணக்கில் ஓட்டுக்கு அடியில் இருக்கிற இருட்டும் ஒரு பொந்துதான். விதையை உடைக்காமல் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவதால் பல மரங்கள் பரவுவதற்கு இது உதவுகிறது. இதே விலங்கைக் கூண்டில் அடைத்துக் காபிப் பழத்தையே திணித்து, அது கழிக்கிற கொட்டையை 'கோபி லுவாக்' என்று அதிக விலைக்கு விற்கிறார்கள். ராத்திரி முழுக்க மரம் மரமாகத் திரிகிற ஒன்றைக் கம்பிக்குள் உட்கார வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

இனி நான் செய்த தப்பு.

யார் என்று தெரிந்துவிட்டது, எப்போது வெளியே போகும் என்பதும் தெரியும், அப்புறம் என்ன, போனதும் அடைத்துவிட வேண்டியதுதானே என்று கணக்குப் போட்டேன். உள்ளே இருக்கும்போது அடைக்கக் கூடாது என்கிற அளவுக்குத்தான் எனக்கு விவரம் இருந்தது. ஏழு ஐம்பதுக்கு அது கிளை வழியாகப் போனதைக் கேமராவில் பார்த்துவிட்டு ஏணியைப் போட்டு ஏறினேன். இரண்டு ஓடுகள் விலகி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சந்து. கம்பி வலையை இரண்டாக மடித்து உள்ளே திணித்து, கட்டுக்கம்பியால் சட்டத்தோடு முறுக்கி, ஓட்டைப் பழையபடி தள்ளி மூடிவிட்டு இறங்கினேன். வேலை முடிந்தது என்ற நிம்மதியில் சாப்பிட உட்கார்ந்தேன்.

பத்தரை மணிக்கு என் மனைவி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பூனைக்குட்டி கத்துற மாதிரி இல்ல?" என்றாள். எனக்கு முதலில் கேட்கவில்லை. பிறகு கேட்டது. மெல்லிசாக, ஈரமான துணியைக் கண்ணாடியில் தேய்க்கிற மாதிரி ஒரு கீச்சல், ஒன்று நின்றதும் இன்னொன்று. எங்கள் தலைக்கு நேர் மேலே. நோட்டில் நான் எழுதி வைத்திருந்த நடு ராத்திரி வரவுக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. தாய் பால் கொடுக்க வந்துபோயிருக்கிறது.

நான் ஏணியை எடுப்பதற்குள்ளேயே அது வந்துவிட்டது. ஓட்டின் மேல் பரபரவென்று சுற்றுகிற சத்தம், வலையைப் பிறாண்டுகிற சத்தம், ஓடு ஒன்று நழுவி முற்றத்தில் விழுந்து உடைந்தது. டார்ச்சோடு நான் ஏறியதும் விலகிக் கிளைக்குப் போனது, ஆனால் ஓடிப்போகவில்லை. பத்தடி தூரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கட்டுக்கம்பியின் முறுக்கை அவிழ்க்கக் கை வைத்தபோது விரலில் பிசுபிசுத்தது. ரத்தம். பல்லாலோ நகத்தாலோ அதைப் பிரிக்கப் பார்த்திருக்கிறது. நான் முறுக்கியதில் ஒரு சுற்று உண்மையாகவே கழன்றும் இருந்தது. வலையைப் பிடுங்கி எடுத்தேன், சந்து வழியாக ஒரு கணம் டார்ச் அடித்தேன், உள்ளே சருகும் கிழிந்த சாக்கும், அதன் நடுவில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று குட்டிகள். உடனே விளக்கை அணைத்துவிட்டு இறங்கினேன். வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுக் கூடத்தில் மூன்று பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிடம் இருக்கும். மேலே அந்த நடை கேட்டது, கம்பி ஒரு தரம் முனகியது, கீச்சல் அப்படியே நின்றது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஆகவே, இதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: கூரையில், பரணில், மாடிப்படிக்கு அடியில் ஒரு விலங்கு இடம் பிடித்திருக்கிறது என்றால் குட்டி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். ஒரே ராத்திரியில் பல தரம் வந்துபோனால் சந்தேகம் இன்னும் வலுவாகும். பகலில் மெல்லிய கீச்சல் கேட்கிறதா, படுக்கை மாதிரி சருகோ துணியோ இழுத்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். குட்டிகளை உள்ளே வைத்து அடைத்தால் அவை பட்டினியில் சாகும், தாய் கூரையைப் பிய்க்கும், அப்புறம் வாரக்கணக்கில் நாற்றம் அடிக்கும். நமக்கும் நல்லதில்லை, அதற்கும் நல்லதில்லை.

மறுநாள் காலை வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பேசியவர் திட்டவில்லை. "எத்தனை நாளா சத்தம் கேக்குது?" என்றார். மூன்று வாரம் ஆயிற்று என்றேன். "அப்ப இன்னும் ஒரு மாசம், ஒண்ணரை மாசம் பொறுத்துக்குங்க சார். குட்டி பெருசானா அதுவே கூட்டிட்டுப் போயிடும். ஓட்டையை மட்டும் அடைக்காதீங்க, குட்டியைத் தொடாதீங்க." பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் அதற்கு ஒத்துப்போனது. ஒரு ஈற்றில் இரண்டிலிருந்து ஐந்து குட்டி வரை போடும், பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறக்கும், இரண்டு மாதத்தில் பால்குடி மறக்கும். இரண்டு மாதம் என்பது நமக்கு ஒரு தொந்தரவு, அவ்வளவுதான்.

பொறுக்கவே முடியாத சூழ்நிலை என்றால், உதாரணமாக வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருக்கிறார், மேற்கூரை இடியும் நிலையில் இருக்கிறது என்றால், அது படுத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பகல் முழுக்க ஒரு விளக்கை எரியவிட்டு, சின்னச் சத்தத்தில் ரேடியோவைப் பேசவிடலாம். இருட்டும் அமைதியும் போய்விட்டால் தாய் வேறு இடம் தேடி, குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு மாற்றிவிட வாய்ப்பு உண்டு. அதற்கு இரண்டு மூன்று ராத்திரியாவது வழியைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். புகை போடுவது, மிளகாய்ப் பொடி தூவுவது, நாஃப்தலின் உருண்டையை, அதாவது அந்துருண்டையை, கிலோ கணக்கில் கொட்டுவது எல்லாம் வேண்டாம். நாஃப்தலின் ஆவியைச் சுவாசிப்பது வீட்டிலிருக்கிற நமக்கும் கெடுதல், குழந்தைகளுக்கு இன்னும் அதிகம்.

மருந்து வைப்பது பற்றி. நான் வாங்கப் போன எலி மருந்து ரத்தம் உறையாமல் செய்கிற வகை. எலி அதைத் தின்றதும் உடனே சாகாது, நாலைந்து நாள் தள்ளாடித் திரியும், அந்த எலியை மரநாயோ கூகையோ பூனையோ பிடித்துத் தின்றால் விஷம் அதற்கும் போகும். எலியைக் குறைக்கிற விலங்குகளையே கொன்றுவிட்டு மறுபடி எலிக்கு மருந்து வாங்குகிற கதை அது. பசை அட்டையும் அப்படித்தான், பாம்பு, பல்லி, பறவை என்று எதுவும் ஒட்டிக்கொண்டு துடிக்கும். கூண்டு வைத்துப் பிடித்து எங்காவது தூரத்தில் விட்டுவிடலாம் என்று ஒரு சொந்தக்காரர் யோசனை சொன்னார், நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பழக்கமில்லாத இடத்தில் அதற்கு இரை எங்கே, ஒளிய இடம் எங்கே என்று தெரியாது, அங்கே ஏற்கெனவே இருக்கிற மரநாய்கள் விரட்டும், இங்கே குட்டிகள் அநாதையாகும், ஓட்டையை அடைக்காத வரை காலியான இடத்துக்கு அடுத்தது வந்துவிடும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு மரநாய்க்கும் உண்டு, அனுமதி இல்லாமல் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். பிடிக்க வேண்டிய நிலை வந்தால் அது வனத்துறையின் வேலை.

நாங்கள் காத்திருந்தோம். சீலிங்கில் ஒரு மூலையில் மூத்திரக் கறை படர்ந்தது, அதற்கு அடியில் இருந்த கட்டிலை நகர்த்திப் போட்டோம். மரநாய் கொறித்துண்ணி இல்லை, எலியைப் போல வயரைக் கொறிக்காது, என்றாலும் மிதிபட்டு இணைப்பு தளரலாம் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பகுதி மின்சாரத்தை மட்டும் துண்டிக்கச் சொன்னோம். நாற்பத்து நாலாவது நாள் ராத்திரி கேமராவில் தாய் முன்னால் போக, பின்னால் மூன்று குட்டிகள் கிளையில் தயங்கித் தயங்கிப் போயின. கடைசிக் குட்டி நுனிக்கு வந்து நின்றுவிட்டது, தாய் திரும்பி வந்து அதன் முன்னால் நின்றது, அப்புறம்தான் அது தாவியது. அந்தப் பதிவை நாங்கள் எத்தனை தரம் பார்த்தோம் என்று கணக்கில்லை.

அதற்கு அப்புறமும் உடனே அடைக்கவில்லை. சந்தில் செய்தித்தாளைக் கசக்கித் தளர்வாக அடைத்து வைத்தேன், எது நுழைந்தாலும் வெளியேறினாலும் தாள் தள்ளப்பட்டுவிடும். முதல் இரண்டு நாளும் காலையில் தாள் கீழே கிடந்தது. பிறகு தொடர்ந்து நான்கு நாள் அசையவில்லை. அதன் பிறகு பகலில் டார்ச்சோடு உள்ளே முழுக்கத் தவழ்ந்து பார்த்துவிட்டுத்தான் அடைத்தேன். தாள் அசைந்துகொண்டே இருந்தால் ஒருவழிக் கதவு வைக்கலாம்: மேலே கீல் போட்ட லேசான தகடு, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காது. குட்டி இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்.

அடைப்பதற்கு வெல்டிங் செய்த இரும்பு வலை வேண்டும், கண் அளவு 12 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. பிளாஸ்டிக் வலை, தெர்மாகோல், நுரை, துணி எதுவும் நிற்காது. வலையைத் திணித்தால் போதாது, சட்டத்தோடு திருகாணியும் வாஷரும் போட்டு இறுக்க வேண்டும், ஒரு பெண் மரநாய் என் கட்டுக்கம்பியைக் கழற்றியதை நான் கண்ணால் பார்த்தவன். ஒரு ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டு நிறுத்தாதீர்கள், வீட்டைச் சுற்றி வாருங்கள். எலிக்கு 2 செ.மீ. சந்து போதும், எனவே பைப் நுழைகிற இடம், வெண்டிலேட்டர், ஏசி வயர் போகிற துளை எல்லாவற்றையும் பாருங்கள். கூரையைத் தொடுகிற கிளையை மட்டும் இரண்டு மூன்று மீட்டர் பின்னுக்கு வெட்டினோம், மரத்தை வெட்டவில்லை. ராத்திரியில் நாய்க்கு வைத்த சாப்பாட்டுத் தட்டை வெளியே விடுவதை நிறுத்தினோம், குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி போட்டோம். இவற்றைச் செய்யாமல் ஓட்டையை மட்டும் அடைத்தால் அது வேறு ஓட்டையைத் தேடும்.

சுத்தம் செய்யும்போது துடைப்பத்தை எடுத்துக் காய்ந்த எச்சத்தைப் பெருக்காதீர்கள், தூசி மூக்கில் போகும். முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, ஈரத்தோடு வழித்துப் பையில் கட்டிப் போடுங்கள். மணச்சுரப்பியின் வாடை பலகையில் ஏறியிருந்தால் கழுவிப் போகாது, அந்தப் பலகையை மாற்றிவிடுவது மேல். நாங்கள் மூன்று பலகையை மாற்றினோம்.

மரநாய் வலியப் போய் மனிதரைத் தாக்குகிற விலங்கு இல்லை, ஆனால் மூலையில் மாட்டினால் கடிக்கும், அதன் பல் சின்னப் பல் இல்லை. பாலூட்டி எது கடித்தாலும், நகத்தால் ஆழமாகக் கீறினாலும் ரேபீஸை நினைத்தே ஆக வேண்டும். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், காயத்தில் எதையும் அப்பாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலின் என்கிற ஆயத்த எதிர்ப்பொருள் ஊசியும் தேவைப்படும். நோயின் அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். பகலில் தள்ளாடுகிற, பயமே இல்லாமல் மனிதரிடம் வருகிற எந்த விலங்கின் பக்கத்திலும் போகாதீர்கள்.

பாம்பு விஷயம் வேறு. அதில் இந்தத் தடம் பார்க்கிற வேலை, நோட்டு, காத்திருப்பு எதுவும் வேண்டாம். அறையிலிருந்து ஆட்களையும் செல்லப் பிராணிகளையும் வெளியேற்றி, ஒருவர் மட்டும் தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் வனத்துறையையோ பயிற்சி பெற்ற பாம்பு மீட்பவரையோ கூப்பிட வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நாலையும் ஆளுக்கு ஆள் தப்பாக அடையாளம் சொல்வார்கள். கட்டுவிரியனை வெள்ளிக்கோல்வரையன் என்கிற விஷமில்லாத பாம்பு என்று நினைத்துக் கையால் தூக்கியவர்கள் உண்டு. கட்டுவிரியன் கடித்தது பல நேரம் வலிக்கவே வலிக்காது, தூங்குகிறவருக்குத் தெரியாமலே போகும். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து நேரே மருத்துவமனைதான், கீறுவதும் கயிறு கட்டுவதும் கூடாது.

இப்போதும் அது வருகிறது. ஏழரை, எட்டு மணிக்குக் கைப்பிடிச்சுவரில் அந்த நடை கேட்கும், அம்மா தலையை நிமிர்த்தாமலே "வந்துட்டா" என்பாள். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு தரம் ஏணியைப் போட்டு ஏறி வலையைச் சரிபார்ப்பது வழக்கமாகிவிட்டது. போன மாதம் ஏறியபோது வலையின் ஓரத்தில் ஏழெட்டு முடி சிக்கியிருந்தது, சாம்பல் நிறம், நுனி மட்டும் கறுப்பு. திருகாணி ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்த்தேன், எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. டார்ச்சை வலையின் கண் வழியாக உள்ளே அடித்தேன், புதுப் பலகையின் மேல் தூசி மட்டும் இருந்தது, தடம் ஏதும் இல்லை.